ஷேரர் என்றால் முடி வெட்டுபவர்

ரோல்ஸ் பொரியும் மணம் வந்தால் மற்றவர்களுக்கு வாயூறும். எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும்.

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் பாதி வீடுகள் யாழ்ப்பாணத்து வீடுகள். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், குடும்பப் பெயருக்குப் பொருள் கேட்டு வரச் சொன்னார் ஆசிரியை. மில்லர் என்றால் மாவரைப்பவர், கூப்பர் என்றால் பீப்பாய் செய்பவர், ஷ்மிட் என்றால் ஜெர்மன் மொழியில் கொல்லர் என்று பிள்ளைகள் எழும்பிச் சொல்லச் சொல்ல வகுப்பே கைதட்டியது. ஷேரர் என்ற பையன், தன் முன்னோர் முடி வெட்டியவர்கள் என்று விரல்களைக் கத்தரிக்கோலாக்கிக் காட்டினான். குடும்பப் பெயரே இல்லாமல், அப்பாவின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்த நான் துள்ளி எழும்பி, என் அப்பப்பாவும் ஊரில் அதே தொழில்தான் செய்தார் என்றேன். எனக்கும் கைதட்டினார்கள். என் தோழி தர்ஷினிதான் பலமாகத் தட்டினாள். வீட்டுக்குப் போய் அதே சந்தோஷத்தோடு சொல்லியும் இருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை என் பிறந்தநாள். அம்மா விடியவே எழும்பி, ஆட்டிறைச்சி வைத்து ரோல்ஸ் சுற்றினார். தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஒரு வீட்டில் காய்ச்சலாம், இன்னொரு வீட்டில் "விரத"மாம். தர்ஷினியும் வரவில்லை. ஷேரர் மட்டும் வந்து, உறைப்பில் கண்ணீர் வடிய வடிய ஒரு தட்டு முழுக்கத் தின்றான். வேலை முடிந்து வந்த அப்பா, மிஞ்சிக் கிடந்த ரோல்ஸைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை சொன்னனீ? உதையெல்லாம் விட்டிட்டு வரத்தானே கடல் தாண்டினனாங்கள்," என்றார். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்க வேண்டியது வராதவர்களை. வீடு, காணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த அகதிகள், சாதியை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்!

அப்பா இப்போது இல்லை. அந்த அடுக்குமாடியில் நம்மவர் வீடுகளும் இல்லை; எல்லோரும் பெரிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். போன மாதம் பிக்கரிங்கில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். நான் பொரித்துக்கொண்டு போன ரோல்ஸைச் சுவைத்தபடி ஒரு அன்ரி என் மகளை இழுத்து வைத்து, "பிள்ளை, அம்மாவின்ரை ஆக்கள் ஊரிலை எவடம்?" என்று குழைந்தார். அது ஊரைக் கேட்டுச் சாதியைப் பிடிக்கும் கேள்வி என்று தெரியாத யாழ்ப்பாணத்தார் உண்டா? ஷேரரின் பெயரிலேயே அந்தத் தொழில் இருக்கிறது, அவனை ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் பெயரில் அது ஒருநாளும் இருந்ததில்லை, ஆனாலும் தோண்டுகிறார்கள்.

மகள் என்னைப் பார்த்தாள்.

"என்ரை அப்பப்பா தலைமயிர் வெட்டினவர், அன்ரி. ரோல்ஸ் நான் செய்தது. வடிவாச் சாப்பிடுங்கோ," என்றேன்.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். அவர் விழுங்கும்வரை நான் நகரவில்லை.