ஒளியை முந்திய ஒலி

இரண்டு வருடத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில் வேலூரில் ஒரு கோடைப் பள்ளி நடந்தது. இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கான பத்து நாள் வகுப்பு. எரிந்து முடிந்த நட்சத்திரத்துக்குள் பொருள் பயங்கரமாக நெருக்கப்படும்போது என்ன ஆகிறது என்பதுதான் பாடம். நானும் என் தோழியும் போயிருந்தோம். அவள் ஆம்பூர்க்காரி. அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

அடர்த்தி ஏற ஏற அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று அதற்கு ரொம்ப முன்னாலேயே நான் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அவள் கேட்டாள், பெருமையாகக் கொடுத்தேன். அதை நம்பி ஒன்றரை வருடம் உழைத்து, முதல் கட்டுரையை அந்த வகுப்புக்கு முந்தின வாரம்தான் அனுப்பியிருந்தாள்.

நாலாம் நாள் கம்ப்யூட்டர் வகுப்பு. அவரவர் அட்டவணையில் ஒலியின் வேகத்தைக் கணக்கிடச் சொன்னார் பேராசிரியர். எந்தப் பொருளிலும் ஒலி ஒளியை முந்தக் கூடாது. என் திரையில் கோடு அந்த எல்லையைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. புரோகிராமைத் திறந்து பார்த்தால், ஒரு வரியில் இரண்டால் வகுக்க மறந்திருக்கிறேன்.

பக்கத்தில் அவள் திரையிலும் அதே கோடு. பேராசிரியர் அவள் பின்னால் வந்து நின்று, “இது எப்படிம்மா?” என்றார்.

“நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன் சார்” என்றாள்.

நான் சட்டென்று என் திரையை மறைத்தேன். மத்தியானம் அவள் சாப்பிடக்கூடப் போகாமல் தன் புரோகிராமை வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது, “அப்பாகிட்ட இன்னா சொல்றதுன்னே தெரியல. என் கட்டுரை வரப்போவுதுன்னு கம்பெனி பூரா சொல்லி வெச்சிருக்காரு” என்றாள். தாங்க முடியாமல் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். பள்ளிகொண்டா தாண்டியதும், தப்பு என் அட்டவணையில்தான் என்று சொல்லிவிட்டேன்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“காலையிலயே.”

“சார் என் பின்னாடி நின்னு கேட்டாரே, அப்பவேவா?”

தலையாட்டினேன்.

“தப்பு யாருக்கும் வரும்டி. நான் என்னையே திட்டிக்கினு உக்காந்திருந்தேன். நீ பக்கத்துலயே இருந்து பாத்துக்கினு இருந்தியே.”

எழுந்து போய் முன்னால் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஆம்பூர் வரை திரும்பவே இல்லை.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அவள் பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. மூன்று வாரம் பேசாமல் இருந்தவள், ஒருநாள் போன் செய்து திருத்திய அட்டவணையைக் கேட்டாள். “இந்தத் தடவ நானும் ஒரு வாட்டி போட்டுப் பாத்துட்டுதான் எடுத்துப்பேன்” என்றாள்.

இரண்டால் வகுக்க மறந்ததை இன்று அவளும் பேசுவதில்லை, எனக்கும் அது உறுத்துவதில்லை. ஆனால் அன்று திரையை மறைத்தபோது என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லையே என்று நினைத்தால், இப்போதும் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.