திறந்த போத்தல்களோடு வந்த ரெஜினா அக்கா

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். புசல்லாவை ரெஜினா அக்கா காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போதகர் சொன்னார். செருப்பைப் போடாமலே வீடு வந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு ஐப்பசி மாதத்து இஞ்சிப் பியர் போட்டி நாளை விளக்கத் தேவையில்லை. கண்டியில் நம் திருச்சபை மண்டபத்தில் பெண்கள் வீட்டில் புளிக்கவைத்த போத்தல்களை வரிசையாக வைப்போம். பெயரில்தான் பியர், போதகர் ஐயாவே இரண்டு கிளாஸ் குடிப்பார். நடுவரின் முன்னால்தான் தக்கையைத் திறக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கும் புள்ளி உண்டு.

கலவரத்தில் அக்காவின் வீடு எரிந்த அடுத்த வருடம், அவர் வரமாட்டார் என்றே நினைத்தோம். "நான் இல்லாத மேசையப் பாத்து வீட்ட எரிச்சவனுக சந்தோசப்படவா?" என்று ஆறு போத்தலோடு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். என் இரண்டு போத்தல்களை முந்திய நாளே கணவர் மண்டபத்தில் சேர்த்திருந்தார்.

கம்பளை தாண்டியதும் சோதனைச்சாவடியில் எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டையில் எங்கள் பெயரைப் பார்த்த சிப்பாய், ஆறையும் திறக்கச் சொன்னான்.

"குடுத்துட்டு வாங்கக்கா, பஸ் போயிரும்" என்று கெஞ்சினேன்.

"போனா அடுத்தது வரும். நீ பேசாம நில்லு புள்ள."

முதல் தக்கை தெறித்ததில் சிப்பாய் துள்ளிப் பின்வாங்கினான். அவன் காலில் சப்பாத்தெல்லாம் நுரை. யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டுப் போத்தலை அவனிடம் நீட்டி, "குடிச்சுப் பாருங்க மல்லி, குண்டா இஞ்சியானு தெரியும்" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னார். அவன் வாங்கவில்லை. மற்ற ஐந்தையும் திறக்கவைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்துக் காட்டி, தக்கைகளை அழுத்தி மூடிக்கொண்டு அக்கா அடுத்த பஸ்ஸில் ஏறினார். நான் வாயே திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

மண்டபத்தில் நடுவர் அம்மா தயங்கினார். "திறந்த போத்தலை எப்படிச் சேர்க்கிறது, ரெஜினா? விதி இருக்கே."

"நானா தெறந்தேன்? தெறக்க வச்சாங்க. சத்தத்துக்குப் புள்ளி வேணாங்க. ருசிக்குப் போடுங்க."

நடுவர் முடியாது என்று தலையசைத்தார். மேசையில் என் போத்தல்கள் இருந்தன. இரண்டையும் எடுத்து, நடுவரைக் கேட்காமலே திறந்தேன்.

"பைத்தியமா ஒனக்கு?" என்றார் அக்கா.

பக்கத்தில் நின்றவர் தன் போத்தலைத் திறந்தார். பிறகு அதற்கடுத்தவர். மூடிய போத்தல் ஒன்றும் மிஞ்சாதபோது நடுவர் அம்மா கிளாஸை எடுத்துக்கொண்டு அக்காவிடமிருந்தே தொடங்கினார்.

அக்காவுக்கு மூன்றாம் இடம். "மூணாவதா? அந்தம்மாவுக்கு நாக்குச் சரியில்ல" என்று வீடு வரும்வரை திட்டினார்.

இஞ்சிப் பியரில் அவர் போடும் கராம்பு அளவை எனக்குச் சொன்னதேயில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. அடக்கத்தன்று பெட்டியின் மேல் அவர் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. தமிழ் எழுத ஆளில்லை, நேரமாகிறது என்றார் சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர். "ஆள் வரட்டும். அதுவரைக்கும் பெட்டி நகராது" என்று நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். ஆள் வந்து தமிழில் எழுதும்வரை ஒரு மணி நேரம் எல்லோரும் வெயிலில் காத்திருந்தீர்கள். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.