மேக்கணக்குப் போன் கம்பி

“டோரீன் தூங்கிட்டா” என்று பெரிய கிளாக்கர் சொன்னது, மறுநாள் அவள் வேலைக்கு வருவதற்குள் தொழிலாளர் குடியிருந்த லயமெல்லாம் பரவிவிட்டது.

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஆபீசில் டெலிபோன் போர்டு அவள் பொறுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைநாளில், மலையுச்சிப் பிரிவான மேக்கணக்கில் அழகம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. புருஷன் சோலைமலை, கணக்கப்பிள்ளை வீட்டுப் போனின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் களைத்தான். ஆபீசில் மணியே அடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வரவில்லை. பிள்ளை இறந்தது, தாய் மட்டும் பிழைத்தாள்.

சோலைமலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

“நீங்க எடுத்திருந்தா பிள்ள பொழச்சிருக்குங்க.”

டோரீனுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் அல்ல, கிளாக்கர்மேல்.

“மணி அடிக்கல அண்ணே. ஏன் அடிக்கலன்னு நான் பாக்குறேன்.”

வெயில் நாளில் அந்தப் போன் ஒழுங்காகப் பேசியது. அதுதான் வயிற்றெரிச்சல். காற்றும் மழையும் திரும்பியதும் மேக்கணக்கு ஊமையானது. போர்டிலேயே கோளாறோ என்று, மேக்கணக்குக் கம்பியையும் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் கம்பியையும் இடம் மாற்றிப் பூட்டினாள். ஸ்டோரில் உடனே பேசினார்கள். மேக்கணக்கு அப்போதும் ஊமைதான். அப்படியானால் பழுது மலையில்.

நனைந்துகொண்டே சோலைமலையோடு கம்பம் கம்பமாக ஏறினாள். உதவி மேனேஜரான சின்னதுரையின் பங்களா வளைவில் அவன் கம்பத்தில் ஏறி எட்டிப் பார்த்தான். நல்ல செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, துருப்பிடித்த வேலிக்கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். காற்றில் முடிச்சு விலகி விலகிச் சேர்ந்தது.

“பங்களாவுக்கு ரெண்டாவது போன் வைக்க எடுத்தாங்க,” என்றான் இறங்கி. “பெரிய கிளாக்கர்தான் நின்னாரு. அந்தக் கம்பிச் சுருள நான்தாங்க தூக்கிட்டுப் போனேன்.” அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

டோரீன் ஈரத்தோடு கிளாக்கரின் மேசைக்குப் போனாள்.

“நான் தூங்குனேனா?”

“வெளிய பேசாத. கம்பிய மாத்திடலாம்.”

“மாத்துங்க. பெரட்டுல எல்லாரு முன்னாலயும் நின்னு, டோரீன் தூங்கலன்னும் சொல்லுங்க.”

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு பெண்ணும் கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. சோலைமலை இரவே லயத்தில் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தான். வெயில் ஏறியும் நின்றார்கள். கடைசியில் கிளாக்கர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: “டோரீன் தூங்கல.”

“சத்தமாச் சொல்லுங்க,” என்றாள் முன்வரிசையில் நின்ற வேலாயி.

சொன்னார்.

டோரீன் போர்டுக்குத் திரும்பினாள். புதுக் கம்பி வந்தது. அந்தத் தோட்டத்தில் இருந்தவரை கிளாக்கர் முகத்தைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த பிள்ளைக்காகச் சோலைமலையிடம் மட்டும் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.