யாரும் படிக்காத பாதிக் கடல்

பழைய புத்தகக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "புதுசா எதுவும் வந்திருக்கா?" என்பதுதான். புத்தகம் வாங்கி வீட்டில் ஏச்சும் வாங்கும் உங்களுக்குப் பழைய புத்தகத்தோடு படும் பாடு தெரியும். தென்காசியில் தகரக் கூரைக்குக் கீழே கடை நடத்துகிறவனுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதல். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊரெல்லாம் குதூகலிக்கும். நான் வாளிகளைத் தேடி எடுத்து ஒழுகும் இடங்களில் வைப்பேன். இந்தச் சீசனில் கூரையைச் சரிசெய்யாவிட்டால் மேல்தட்டுப் புத்தகங்கள் போய்விடும் என்ற நிலையில்தான் அந்தக் கப்பல் புத்தகம் வந்தது.

கதவுக்கு முட்டு

செங்கோட்டையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்வதாகக் கூப்பிட்டார்கள். பரணில் கிடந்ததெல்லாம் பள்ளிக்கூட நோட்ஸும் பஞ்சாங்கமும்தான். திரும்பும்போது, நடுக்கதவு ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த தடித்த புத்தகம் கண்ணில் பட்டது. தோல் முதுகு. உள்ளே, பாய்மரக் கப்பலில் இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மதராசுக்கு வந்த ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் பயணக் கதை. மடித்து வைத்த கடல் வரைபடமும் செம்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களும் அப்படியே இருந்தன.

முகத்தில் ஆசையைக் காட்டாமல் விலை பேசுவது என் தொழிலின் முதல் பாடம். அன்று அதில் தோற்று, கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு வேறு கவலை. "எடுத்துக்கோங்க அண்ணாச்சி. ஆனா இதே தண்டிக்கு வேற ஒரு புக்க வச்சுட்டுப் போங்க, கதவு அடிக்குதுல்லா!"

எண்ணெய்க் கை

சீசனில் சில நாள் ஐந்தருவி சாலையில் மேசை போட்டு நாவல்கள் விற்பேன். ஒழுகும் கடையில் விட்டுவர மனமில்லாமல் கப்பல் புத்தகத்தையும் பாலிதீனில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். மழை விட்ட நேரத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலெல்லாம் எண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டோடு அருவிக்குக் கிளம்பிய ஒருவர் அதை நோக்கிக் கையை நீட்டினார். கடையம் பக்கத்துப் போலீஸ்காரர்.

அலறியே விட்டேன். "கையைப் பின்னால கட்டிக்கோங்க, நானே புரட்டுதேன்" என்றேன். மனிதர் உடனே கட்டிக்கொண்டார். கப்பல் படம் பிடித்துப்போய் கூட வந்தவர்களையும் கூப்பிட, எண்ணெய் வழியும் ஒரு வரிசையே என் மேசை முன்னால் கைகட்டி நின்றது. போகும்போது அவர் சொன்னார்: "ஸ்டேஷன்ல நாங்கதான் எல்லாரையும் இப்படி நிக்க வைப்போம். எங்களயே நிக்க வச்சுட்டீங்களே அண்ணாச்சி!"

வாசிக்காத வாசகர்

அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஓரங்கள் ஒட்டியே இருக்கும். வாங்கியவர்தான் கத்தியால் கீறிப் பிரித்துக்கொண்டே படிக்க வேண்டும். (வெட்டாத பக்கம் வேறு, பிரிக்காத பக்கம் வேறு. நீங்கள் கேட்காததால் விட்டுவிடுகிறேன்.) இந்தப் புத்தகத்தின் பிற்பாதி பிரிக்கப்படவே இல்லை. அதிகாரியின் சிறு மகளுக்குக் காய்ச்சல், கப்பலில் குடிநீர் குறைகிறது என்ற இடத்தில் முதல் சொந்தக்காரர் கத்தியைக் கீழே வைத்திருக்கிறார்.

திருவனந்தபுரத்தில் ஒரு சேகரிப்பாளருக்கு அந்தப் பிரிக்காத பாதிதான் வேண்டியிருந்தது; யாரும் பிரிக்காத பக்கத்துக்குத்தான் அவர்களிடம் விலை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். அவர் சொன்ன தொகையில் புதுக்கூரையே போட்டுவிடலாம். தகரம் அடிக்கிறவருக்கு நான் தகவலும் சொல்லியாயிற்று. சேகரிப்பாளருக்கு ஒரே நிபந்தனை: "நான் வரும்வரை ஒருத்தரும் அதை வாசிக்கக் கூடாது, கேட்டோ!"

செல்வியின் பிளேடு

பக்கத்துக் கடை செல்வி ஜெராக்ஸ் எடுத்து, பைண்டிங்கும் செய்கிறவள். சனிக்கிழமை சுரண்டையில் ஒரு கல்யாணம். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அவள் முகமெல்லாம் சிரிப்பு. மேசையில் கப்பல் புத்தகம். கடைசிப் பக்கம்வரை ஓர் ஓரம்கூடக் கிழியாமல், பிளேடால் அழகாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அத்தனை சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

நான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். வேலையை ரசித்துக் கூலிக்குக் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "பைண்டிங்காரன் வெட்டாம வுட்டுட்டான். அடுத்தவன் செஞ்ச தப்பத் திருத்துனதுக்கெல்லாம் நான் காசு வாங்க மாட்டேன் அண்ணாச்சி!"

காய்ச்சல்

சேகரிப்பாளருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "சாரமில்ல" என்றார், மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வரவும் இல்லை, பிறகு கூப்பிடவும் இல்லை. விஷயம் தெரிந்ததும் செல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கதை எந்த இடத்தில் நின்றிருந்தது என்று சொன்னேன். "அப்போ அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னாவது படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

ஜெராக்ஸுக்கு ஆள் வராத நேரமெல்லாம் படித்து, தமிழில் சொன்னேன். நடுக்கடலில் மழை பெய்தது. கப்பல் பாயை விரித்துத் தண்ணீர் பிடித்தார்கள். காய்ச்சல் இறங்கியது. மதராசில் அலைக்கு நடுவே ஒரு படகுக்காரர் அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கிக் கரையில் இறக்கினார். இத்தனை காலம் பிறர் படித்து முடித்ததையே விற்றவன் நான். வேறு பிரதிகளை யார் யாரோ படித்திருப்பார்கள். இந்தப் பிரதியின் பின்பாதிக்கு முதல் வாசகன் நான்தான். கூரைக் கவலைகூட அந்த நேரம் மறந்துவிட்டது. செல்விக்கும் தெம்பு திரும்பிவிட்டது. "நூறு வருஷத்துக்கு மேல அந்தப் புள்ள காய்ச்சலோடயே கெடந்திருக்கு. நான் பிளேடு எடுக்கலன்னா இன்னமும் கெடந்திருக்கும்லா!"

மணமக்கள்

அதற்கு மறுநாளே செல்வி, ஃப்ளெக்ஸ் அடிக்கும் தன் அண்ணனைக் கூட்டிவந்து, பழைய கல்யாண பேனர் ஒன்றைக் கூரைமேல் விரித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டவைத்தாள். அன்று சாயங்காலமே சாரல் கொட்டியது. மேல்தட்டைத் தடவிப் பார்த்தேன்; ஒரு சொட்டு இல்லை. கூரை ஓட்டை வழியாக மாப்பிள்ளையின் மீசை மட்டும் தெரிந்தது. தாங்குமா என்று செல்வியிடம் கேட்டேன். "பயப்படாதீங்க அண்ணாச்சி, அந்தக் கல்யாணத்தன்னைக்கும் நல்ல மழைதான்!"

கூரையையும், முதல் வாசகன் என்ற பட்டத்தையும், விற்க மனம் வராத ஒரு புத்தகத்தையும் ஒரே பிளேடு வாங்கித் தந்த பிறகு, இந்த வருஷம் எனக்கு நஷ்டம் என்று சொன்னால் என் வீட்டில்கூட நம்பமாட்டார்கள்.