பச்சை எழுத்துப் பொய்

மதுரை கோச்சடையில் ஒரு சின்ன கம்பெனியின் மாடி அறையில் உட்கார்ந்து தமிழ்வாணி எழுதிய கம்ப்யூட்டர் படிவம்தான் அந்தத் தனியார் மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் மேசைப் பெண் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் நிரப்புவாள். பொத்தானை அழுத்தியதும் நோயாளியின் விவரம் ஓர் அட்டவணைக்கும், உறவினரின் பெயரும் போன் நம்பரும் இன்னோர் அட்டவணைக்கும் போகும். முதலாவது ஏறியதுமே 'பதிவாகிவிட்டது' என்று பச்சையில் காட்டும்படி எழுதியிருந்தாள். ஏறினால் இரண்டும் ஏற வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே ஏறக்கூடாது என்று நாகமலை புதுக்கோட்டைக் கல்லூரியில் படிக்கும்போதே வாத்தியார் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டது?

ஒரு திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நோயாளி எண் 4417, ஒச்சம்மாள், சோழவந்தான் பக்கம். மதுரைக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுவந்த இடத்தில் நெஞ்சு வலித்து, ஆட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். மறுநாள் மதியம் இறந்துபோனாள். வீட்டுக்குச் சொல்லலாமென்று நர்சுகள் கம்ப்யூட்டரில் பார்த்தால் உறவினர் பக்கம் காலியாகக் கிடந்தது. 'யாருமில்லை' என்று எழுதிப் பிணவறைக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் சோணைமுத்து ஊரெல்லாம் தேடி மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார்.

தமிழ்வாணி நேரே போய் வாசல் மேசையில் இருந்த பாண்டிச்செல்வியைக் கேட்டாள்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மான்னு மூணு தடவ கேட்டேங்க்கா. அவுக பேர நான் எப்பிடித்தா சொல்றதுன்னுருச்சு. பின்னாடி அம்புட்டுக் கூட்டம். அது வாயால சொன்ன நம்பர மட்டும் போட்டு, பேர விட்டுட்டு அமுக்குனேன். பச்சையா வந்துச்சே!"

பெயர் காலியாக இருந்தால் இரண்டாவது அட்டவணை ஏற்காது. கட்டிய கணவனையே 'டேய் தவசி, தண்ணி வந்துருச்சா பாரு' என்று கூப்பிடுகிறவள் தமிழ்வாணி. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அவள் பிறந்த தெருவிலேயே பத்துப் பேர் இருந்தார்கள். படிவம் எழுதும்போது மட்டும் அவர்களில் ஒருத்தியும் நினைவுக்கு வரவில்லை.

"அந்தம்மா வீட்டுக்காரரு இங்கனயே நின்னு, என்னையக் கூப்பிடச் சொல்லலையா, சொல்லலையான்னு கேட்டுக்கிட்டே இருந்தாருக்கா. அது வீட்டுலருந்து கெளம்பும்போது ரெண்டு பேருக்கும் சண்டையாம்" என்றாள் பாண்டிச்செல்வி.

படிவத்தை அன்றைக்கே திருத்திவிட்டாள். ஆனால் 4417 விடவில்லை. துணைக்கு உறவினர் வரிசை இல்லாமல் அந்த எண் தனியாக நிற்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது. அவள் கேட்டேயிராத ஒரு குரல், பாத்திரம் கழுவும்போது, சிக்னலில் வண்டியை நிறுத்தும்போது, 'எப்பிடித்தா சொல்றது' என்று காதருகே கேட்டது. பயமாக இருந்தது. கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தவற்றைக் குறித்துவைக்கும் கோப்பு ஒன்று உண்டு. யாரும் திறந்து பார்க்காத அந்தக் கோப்பில் தேடினாள். பெயர் காலி, பக்கத்தில் பத்து இலக்கமும் முழுசாக இருந்தன.

"வாயத் தொறந்த, கம்பெனி தலையில துண்டுதான்" என்றார் முதலாளி. அவள் மறுநாள் காலையில் சோழவந்தானுக்குப் பஸ் ஏறினாள்.

சோணைமுத்து வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அவங்க உங்களத்தான் கூப்பிடச் சொல்லியிருக்காங்க. நம்பரும் குடுத்திருக்காங்க. நான் எழுதுன புரோகிராம் அத விட்டுருச்சு. தப்பு என்னோடது."

ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"எந்த நம்பரு? வாசி."

வாசித்தாள். அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

"எழுத்தே தெரியாதவ தாயி. பத்தும் அவளாவா சொன்னா?"

"ஆமாய்யா."

அவர் மடியிலிருந்த போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"மூணு நாளும் இதக் கையவிட்டு எறக்கல தாயி" என்றார்.