முசுடு வெட்டிய வேர்க்காடு

நல்ல வார்த்தை கேட்டாலும் எரிந்து விழுகிற மனிதர் என்பதால் அவருக்கு முசுடு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோரிடமும் சில்லறைச் சண்டை. அண்ணியிடம் மட்டும் மொத்த வியாபாரம்.

உப்பாற்றின் இந்தக் கரையில் அவருடைய மீன்குட்டை, எதிர்க்கரையில் அண்ணியுடையது. அண்ணன் போன பிறகு அண்ணியே பார்த்துக்கொண்டாள். அங்கே வளர்க்கிற மீனுக்கு எந்தப் பண்ணையிலும் குஞ்சு கிடைக்காது. கடலிலிருந்து வருகிற குஞ்சுகள் கரையோரச் சேற்றில் நிற்கிற அலையாத்தி மரங்களின் வேர்களுக்குள் ஒதுங்கி விரல் நீளம் வளரும். கடல் பொங்கி ஆற்றில் பெருநீர் ஏறும்போது மதகைத் தூக்கினால் குட்டைக்குள் வந்துவிடும். வருஷம் முழுக்கச் சோறு போடுவது அதுதான்.

வேர்க்காடு இருந்ததோ முசுட்டின் கரையில். ஆனால் அண்ணியின் குட்டையில்தான் எப்போதும் மீன் கூடுதல். அவருக்கு வயிறு எரிந்தது. அந்த வேர்கள்தான் குஞ்சுகளைத் தன் மதகுக்கு வரவிடாமல் எதிர்க்கரைக்குத் திருப்பிவிடுகின்றன என்று முடிவுகட்டி, அரிவாளோடு இறங்கினார்.

"தம்பி, வெட்டாதீங்க. குஞ்சு தங்குற இடமே அதுதான்," என்றாள் அண்ணி எதிர்க்கரையிலிருந்து.

"உங்க குட்டைக்குப் போறதுங்க தங்க நான் எதுக்கு அண்ணி சத்திரம் கட்டி வைக்கணும்?"

அடிமரம் வரை வழித்தெடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, சிரத்தையான வேலை.

குஞ்சு வரும் பருவம் வந்தது. பெருநீரில் மதகைத் தூக்கினார். கலங்கல் தண்ணீரும் நாலு நண்டும் வந்தன. மறுநாளும் அதே கதை. ஒதுங்க இடமில்லாத குஞ்சுகளைப் பெரிய மீன்கள் தின்றது போக, மிச்சத்தை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது.

தன் குட்டை காலி என்பதைவிட அவள் குட்டை நிறைந்திருக்குமோ என்ற பயம்தான் அவரை அரித்தது. படகைத் தள்ளிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தார். அண்ணி வெறும் வலையை உதறிக்கொண்டிருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவருக்கு வயிறு குளிர்ந்தது.

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். "சந்தோஷமா இருக்கா, தம்பி?"

"இருக்கு," என்றார். பொய் சொல்லவில்லை.

"நல்லது. வீட்டுல அதையே சமைச்சுப் போடச் சொல்லுங்க. வருஷம் பூரா வேற ஒண்ணும் கிடையாது."

முசுடு படகைத் திருப்பினார். கரைக்கு வந்து, உள்ளிருந்து தப்பிப்போக ஒரு குஞ்சுகூட இல்லை என்று தெரிந்தும், மதகை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.