மாரியம்மனுக்கு நேர்ந்த வெள்ளிக் கால்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். அவனியாபுரம் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். தல்லாகுளம் தாண்டி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ மிதித்ததுபோல் வலித்தது. விசில் கொடுக்கக்கூட மூச்சு வரவில்லை. அந்த டீசல் வாசனை, தோளில் தோல் பையின் கனம், "அண்ணே, பழங்காநத்தம் ரெண்டு" என்று கூட்டத்துக்குள் நீளும் கைகள் எல்லாம் இன்றைக்கும் நினைக்க இனிக்கிறது. அன்று எல்லாம் முடிந்ததென்றே நினைத்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. மூத்த மகளுக்கு ஆனியில்தான் பரிசம் போட்டிருந்தார்கள்.

சென்னைக்கு அனுப்பினார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் இரண்டு அடைப்பு, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். பொறுமையான மனுஷர். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"அடைப்பைத் தாண்டி வேற குழாய் வச்சுத் தைக்கணும். கால்லேருந்து ரெண்டு சிரை எடுத்து வைக்கலாம். சீக்கிரம் முடியும். ஆனா சில வருஷத்துல அதுவும் அடைச்சுக்கலாம். நெஞ்சுக்குள்ள ரெண்டு பக்கமும் ஓடுற தமனியைத் திருப்பி வச்சா ரொம்ப நாள் தாங்கும். ஆனா ஆபரேஷன் நீளம். ரெண்டையும் எடுத்து நாங்க அதிகம் செஞ்சதில்ல. ஒண்ணு நெஞ்சு, ஒண்ணு கால்னும் செய்யலாம்."

'அதிகம் செஞ்சதில்ல' மட்டும்தான் என் காதில் விழுந்தது. "ரெண்டும் கால்லயே எடுங்க சார்" என்றேன். அப்போதே தெப்பக்குளம் மாரியம்மனை நினைத்து, "ஆத்தா, என் கால் நரம்பு நல்லா இருக்கட்டும். உனக்கு வெள்ளியில கால் செஞ்சு சாத்துறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் என்னை நிற்கவைத்துப் பார்த்தார்கள். இருபது வருஷம் பஸ்ஸில் நின்றே பிழைத்த கால்கள். இரண்டிலும் சிரை புடைத்துச் சுருண்டு கிடந்தது. இது உதவாது, நெஞ்சிலிருந்தே இரண்டையும் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். எனக்கு வந்த ஆத்திரத்தை என் வீட்டுக்காரி பாக்கியத்திடம் காட்டினேன். "பாத்தியா, உன் மாரியாத்தா என்னைப் பாக்காமக் கண்ணை மூடிக்கிட்டா!"

அவள் அழவில்லை. "இதுதான் வேணும்னு நீங்க அடம் பிடிச்சா எப்படிங்க? அம்புட்டும் அவளுக்குத் தெரியும். பேசாமப் படுங்க."

'பொழைக்க வை ஆத்தா' என்பதற்கு மேல் அன்று நான் எதுவும் கேட்கவில்லை.

காலையில் உள்ளே கொண்டுபோனவனைப் பொழுது சாயும்போதுதான் வெளியே கொண்டுவந்தார்கள். அதுவரை பாக்கியம் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

ஊருக்கு வந்து வெள்ளிக் கடைக்குப் போனோம். கால் வாங்குவதா, நெஞ்சு வாங்குவதா என்று எனக்குக் குழப்பம். "கால் கெட்டதாலதானே நெஞ்சுக்குப் போனாங்க? காலையே குடுங்கண்ணே" என்றாள் பாக்கியம், கடைக்காரரிடம். சாத்தினோம். தை மாதம் மகள் கல்யாணப் பந்தியில் நானே நின்று பரிமாறினேன்.

சில வருஷம் கழித்துச் சோதனைக்குப் போனபோது டாக்டர் என் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டும் புதுசு மாதிரி ஓடுது. கால் சிரையா இருந்தா இம்புட்டு நாள் தாங்கியிருக்குமான்னு சொல்ல முடியாது" என்றார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். கேட்டது கிடைக்கவில்லையே என்று கலங்கி இருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உயிரைக் கேளுங்கள். அதை எந்தக் குழாய் வழியாகத் தரவேண்டும் என்று ஆத்தாளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.